ஒரு நாழிகை பின்தங்கிய டப்ளின்: பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஊருக்கு ஒரு நேரம் இருந்த காலம்

இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்துத் துறைமுக நகரம் பிரிஸ்டல். அதன் பழைய கடைத்தெருவான கார்ன் தெருவில், 18-ஆம் நூற்றாண்டில் வணிகர்களுக்காகக் கட்டிய மாளிகை ஒன்று இன்றும் நிற்கிறது. வாசலில் இடுப்புயரத்துக்கு நான்கு வெண்கல மேடைகள் இருக்கும். வியாபாரிகள் காசை எண்ணி வைத்துக் கணக்கை நேர் செய்துகொண்ட மேடைகள் அவை. அவற்றைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினால் முகப்பில் ஒரு கடிகாரம் தெரியும். அதில் மணி முள் ஒன்று, நிமிட முள் இரண்டு. இரண்டு நிமிட முள்களும் சுமார் பத்து நிமிட இடைவெளி விட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

முதன்முறை பார்ப்பவர்கள் கடிகாரம் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். கெட்டுப்போகவில்லை. ஒரு முள் லண்டன் நேரத்தையும் மற்றொன்று பிரிஸ்டல் நேரத்தையும் காட்டுகிறது. ஒரு காலத்தில் அந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டுமே வேண்டியிருந்தது.

ஒரே நாட்டுக்குள் இரண்டு ஊர்களுக்கு எப்படி இரண்டு நேரம் இருக்க முடியும்? இந்தக் கேள்விக்கு விடை புரிந்துவிட்டால், பிரிட்டன், அயர்லாந்து வரலாற்றில் பலரும் கவனிக்காத ஒரு மூலை நமக்குத் திறந்துவிடும். ரயில், தந்தி, நீதிமன்றம், கிளர்ச்சி, விடுதலை எல்லாமே அந்த மூலைக்குள் இருக்கின்றன.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். சூரியன் உச்சிக்கு வரும்போது நண்பகல். அது எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் நடப்பதில்லை. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு மணிக்கு 15 பாகை, அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே இருக்கும் ஊருக்கு உச்சிப்பொழுது முதலில் வரும், மேற்கே இருக்கும் ஊருக்குப் பிந்தி வரும். லண்டனுக்கு அருகிலுள்ள கிரீனிச்சைச் சுழிப் பாகை என்று வைத்தால், பிரிஸ்டல் அதற்கு மேற்கே இரண்டரைப் பாகைக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது. ஆகவே லண்டனில் மணி 12 அடிக்கும்போது பிரிஸ்டலில் 11:50தான். லண்டன் இருக்கும் அட்சரேகையில் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 17 கிலோமீட்டர் போனால் ஒரு நிமிடம் மாறும்.

நமக்கு இது முற்றிலும் புதிய விஷயம் அல்ல. ஜாதகம் கணிப்பவர்கள் பிறந்த நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாகைக்கு நாலு நிமிடம் என்று கூட்டியோ கழித்தோ, பிறந்த ஊரின் "சுதேச மணி"க்கு மாற்றிக்கொள்வார்கள். அந்தச் சுதேச மணியைத்தான் ஒரு காலத்தில் பிரிட்டனின் ஒவ்வோர் ஊரும் தன் கோபுரக் கடிகாரத்தில் வைத்திருந்தது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே சீராக உச்சிக்கு வருவதில்லை. நிழல் கடிகாரத்துக்கும் சீராக ஓடும் முள் கடிகாரத்துக்கும் நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் வரை வித்தியாசம் வரும். அதனால் ஆண்டு முழுமைக்கும் சராசரி எடுத்து ஊர் நேரத்தைக் கணக்கிட்டார்கள். கிரீனிச் நேரத்தின் முழுப் பெயரில் "சராசரி" என்ற சொல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

குதிரை வண்டிக்கு உறைக்காதது, ரயிலுக்கு உறைத்தது

1784 ஆகஸ்ட் 2-ஆம் தேதி பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு முதல் தபால் வண்டி புறப்பட்டது. குதிரைகளை இடையிடையே மாற்றி ஓட்டி, சுமார் 16 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வேகத்தில் பத்து நிமிட வித்தியாசம் யாரையும் உறுத்தவில்லை. பின்னாளில் தபால் வண்டிக் காவலரிடம் பூட்டிய உறைக்குள் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். கிழக்கே போகும் வண்டியில் அது கொஞ்சம் விரைவாகவும், மேற்கே போகும் வண்டியில் கொஞ்சம் மெதுவாகவும் ஓடும்படி திருகி வைப்பார்கள். வண்டி போய்ச் சேரும்போது கடிகாரமும் அந்த ஊர் நேரத்துக்கு வந்திருக்கும். எவ்வளவு எளிமையான ஏற்பாடு! இதைப் படித்தபோது எனக்கு அந்தக் காலத்துத் தபால்காரர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது.

ரயில் வந்ததும் அந்த ஏற்பாடு போதவில்லை. 1841-இல் லண்டன்–பிரிஸ்டல் பாதை முழுவதும் திறந்தபோது, 16 மணி நேரப் பயணம் ஏறக்குறைய நாலு மணி நேரமாகச் சுருங்கியது. ஒரே தண்டவாளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் போகின்றன. முன்னால் போன வண்டி எத்தனை மணிக்கு நிலையத்தைத் தாண்டியது என்பதை வைத்துத்தான் அடுத்த வண்டியை விடுவார்கள். ஒவ்வொரு நிலையக் கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டினால் ஆபத்து. கால அட்டவணை அச்சடிப்பதும் தலைவேதனை. ரெடிங்கில் 4 நிமிடம் கழி, பிரிஸ்டலில் 10 நிமிடம் கழி என்று பயணியே கணக்குப் போட வேண்டும்.

அதனால் அந்தப் பாதையை அமைத்த கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, பாதை முழுவதும் திறப்பதற்கு முன்பே, 1840 நவம்பரில் ஒரு முடிவெடுத்தது. தன் பாதையிலுள்ள எல்லா நிலையங்களிலும் லண்டன் நேரம்தான் என்றது. 1847-இல் ரயில் நிறுவனங்களின் கணக்குகளை நேர் செய்துவந்த பொது அமைப்பு, எல்லா நிறுவனங்களும் கிரீனிச் நேரத்துக்கு மாற வேண்டும் என்று பரிந்துரைத்தது. சட்டம் எதுவும் போடப்படவில்லை. அரசு வாய் திறக்கவில்லை. ரயில் நிறுவனங்கள் தங்கள் வசதிக்காகச் செய்ததுதான் ஒரு நாட்டின் நேரமாக மெல்ல மெல்ல மாறியது. மக்கள் அதை "ரயில் நேரம்" என்றே அழைத்தார்கள்.

ஊர்கள் எல்லாம் உடனே தலையசைத்துவிடவில்லை. மேற்கே எக்ஸிடர் நகரம் லண்டனுக்கு 14 நிமிடம் பின்னால் இருந்தது. ஊருக்கெல்லாம் நேரம் சொன்னது பேராலயக் கடிகாரம். அதை மாற்ற முடியாது என்று தலைமைப் பாதிரியார் பல ஆண்டுகள் உறுதியாக மறுத்தார். ரயிலுக்குப் போகிறவர்கள் மனசுக்குள் 14 நிமிடத்தைக் கூட்டிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. கடைசியில் 1852-இல்தான் அந்தக் கடிகாரம் லண்டனோடு சேர்ந்தது. பிரிஸ்டலும் அதே ஆண்டில் மாறியது. நகரக் கடிகாரத்தில் இரண்டு நிமிட முள்களும் சேர்ந்து ஓடியது அந்த இடைக்காலத்தின் தேவைக்காகத்தான்.

மாறாத இடம் ஒன்றும் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு, கிரீனிச்சுக்கு ஐந்து நிமிடம் பின்னால். அங்குள்ள கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் வாசல் கோபுரத்தில் "கிரேட் டாம்" என்ற பெரிய மணி தொங்குகிறது. கல்லூரியில் அந்தக் காலத்தில் இருந்த மாணவர் எண்ணிக்கையை நினைவுபடுத்தும் விதத்தில் அது ஒவ்வோர் இரவும் 101 முறை அடிக்கும். அடிக்கத் தொடங்கும் நேரம் 9:05. காரணம், ஆக்ஸ்ஃபோர்டின் சுதேச மணிப்படி அப்போதுதான் ஒன்பது. கல்லூரிக்குள் இருக்கும் கதீட்ரலிலும் வழிபாட்டை ஐந்து நிமிடம் தள்ளித் தொடங்குவது மரபு. கைபேசியில் ஒன்பது ஐந்தைப் பார்த்துக்கொண்டே ஒன்பது மணியின் முதல் அடியைக் கேட்கலாம்.

ரயில் நேரத்துக்கும் ஊர் நேரத்துக்கும் நடந்த இழுபறி நீதிமன்றம் வரை போனது. 1858-இல் தென்மேற்கில் டார்செஸ்டர் என்ற ஊரில் ஒரு வழக்கு. காலை 10 மணிக்கு விசாரணை. நீதிமன்றக் கடிகாரத்தில் பத்து ஆனதும் நீதிபதி வந்து அமர்ந்தார். பிரதிவாதி வரவில்லை. வழக்கு அவருக்கு எதிராக முடிந்தது. சற்று நேரத்தில் பிரதிவாதி தரப்பினர் வந்து நின்றார்கள். நீதிமன்றக் கடிகாரம் காட்டியது கிரீனிச் நேரம், ஊர்க் கடிகாரப்படி இன்னும் பத்து ஆகவில்லை, நாங்கள் தாமதமாக வரவில்லை என்று வாதாடினார்கள். மேல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. பத்து மணி என்றால் அந்த ஊரின் பத்து மணி, வேறு ஊரின் நேரத்தை ஒருவர் மேல் சுமத்த முடியாது என்று சொல்லி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். அந்தச் சமயத்தில் பிரிட்டனின் பொதுக் கடிகாரங்களில் பெரும்பாலானவை கிரீனிச் நேரத்துக்கு மாறிவிட்டிருந்தன. ஆனால் சட்டத்தின் கண்ணில் ஒவ்வோர் ஊருக்கும் அதன் சொந்த நேரம்தான் செல்லும். இந்த முரண்பாடு 22 ஆண்டுகள் நீடித்தது.

நேரத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள்

கிரீனிச் நேரம் என்று ஒன்று இருந்தால் போதுமா? அது உங்கள் கடைக்கும் என் வீட்டுக்கும் வந்து சேர வேண்டாமா? இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1833-இல் கிரீனிச் வான் ஆய்வகத்தின் கூரைமேல் ஒரு கம்பமும் அதில் ஏறி இறங்கும் பெரிய பந்தும் வைத்தார்கள். மதியம் 12:55-க்குப் பந்து பாதி உயரத்துக்கு ஏறும். 12:58-க்கு உச்சிக்குப் போகும். சரியாக 1 மணிக்குக் கீழே விழும். தேம்ஸ் ஆற்றில் நிற்கும் கப்பல்களின் மாலுமிகள் அதைப் பார்த்துத் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்வார்கள். 12 மணிக்கு விடாமல் 1 மணிக்கு விட்டதற்குக் காரணம், உச்சிவேளையில் வானியலாளர்கள் சூரியனைப் பார்த்து அளக்கும் வேலையில் மும்முரமாக இருப்பார்கள். அந்தப் பந்து இன்றும் விழுகிறது. 1852-இலிருந்து கிரீனிச்சின் நேரக் குறி தந்திக் கம்பி வழியாக நாடு முழுவதும் போகத் தொடங்கியது.

ஆனால் லண்டன் கடிகாரக் கடைக்காரர்களுக்கு வேறொரு வழியும் இருந்தது. கிரீனிச் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த ஜான் ஹென்றி பெல்வில், 1836-இலிருந்து ஒரு பைக் கடிகாரத்தை ஆய்வகத்தில் சரிபார்த்துக்கொண்டு, வாரந்தோறும் கடை கடையாகப் போனார். கடைக்காரர் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத் தன்னுடையதைச் சரிசெய்துகொள்வார், அதற்கு ஆண்டுச் சந்தா கொடுப்பார். 1856-இல் ஜான் ஹென்றி இறந்த பிறகு மனைவி மரியா அதே வேலையைத் தொடர்ந்தார். 1892-இல் அவர் ஓய்ந்தபோது மகள் ரூத் எடுத்துக்கொண்டார்.

அந்தக் கடிகாரத்தைச் செய்தவர் ஜான் ஆர்னால்டு என்ற புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர். முதலில் ஓர் இளவரசருக்காகத் தங்க உறையில் செய்யப்பட்டது. லண்டன் தெருக்களில் கொண்டு நடப்பதற்குத் தங்கம் ஆபத்து என்று வெள்ளி உறைக்கு மாற்றினார்கள். ரூத் அதை "ஆர்னால்டு" என்று, வீட்டில் ஒருவரைக் கூப்பிடுவதுபோல் பெயர் சொல்லியே குறிப்பிடுவார். திங்கட்கிழமை காலையில் கிரீனிச் மலையேறுவார். ஆய்வக வாசலில் கடிகாரத்தைக் கொடுப்பார். அது எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்று சரிபார்த்து எழுதிய தாளோடு அது திரும்பிவரும். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு லண்டன் முழுக்க அலைவார்.

1908-இல், தந்தி வழியாக நேரம் விற்றுக்கொண்டிருந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் ஒரு கூட்டத்தில் இவரைச் சிறுமைப்படுத்திப் பேசினார். பத்திரிகைகளில் செய்தி வந்தது. நிருபர்கள் ரூத்தைத் தேடிக்கொண்டு வந்தார்கள். அவருடைய தொழில் அதனால் படுத்துவிடவில்லை, அவரைப் பற்றித் தெரியாதவர்களுக்கும் தெரிந்தது. 1924-இல் பிபிசி வானொலியில் நேரம் குறிக்கும் "பீப்" ஒலிகள் வந்தன. 1936-இல் தொலைபேசியில் நேரம் சொல்லும் சேவை வந்தது. அப்போதும் ரூத் போய்க்கொண்டுதான் இருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகுதான் நிறுத்தினார். ஒரு குடும்பம் மூன்று கைகள் மாற்றி, நூறு ஆண்டுகளுக்கு மேல் நேரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறது.

ஒரு சட்டம், இரண்டு நேரம்

இப்போது அயர்லாந்துக்கு வருவோம். 1801 முதல் அயர்லாந்து முழுவதும் பிரிட்டனோடு ஒரே அரசாக இணைக்கப்பட்டிருந்தது. பார்லிமெண்ட் லண்டனில். 1880-இல் அந்தப் பார்லிமெண்ட் ஒரு வழியாக நேரத்துக்கு ஒரு சட்டம் போட்டது. சட்டங்களிலும் ஆவணங்களிலும் நேரம் என்று வந்தால், பிரிட்டனைப் பொறுத்தவரை அது கிரீனிச் நேரம், அயர்லாந்தைப் பொறுத்தவரை டப்ளின் நேரம் என்றது அந்தச் சட்டம். டார்செஸ்டர் வழக்கு கிளப்பிய குழப்பம் முடிந்தது. ஆனால் ஓர் அரசுக்குள் இரண்டு நேரம் சட்டப்படியே உறுதியானது.

டப்ளின் நேரத்தைக் கணித்தது நகரத்தின் வடமேற்கே உள்ள டன்சிங்க் வான் ஆய்வகம். 1785-இல் தொடங்கியது. அது கிரீனிச்சுக்கு மேற்கே ஆறு பாகைக்குச் சற்று அதிகம். நேரத்தில் 25 நிமிடம் 21 விநாடி. நம் பழைய கணக்கில் ஆறு பாகை என்பது மிகச் சரியாக ஒரு நாழிகை, 24 நிமிடம். லண்டனைவிட ஒரு நாழிகையும் கொஞ்சமும் பின்னால் டப்ளின் வாழ்ந்துகொண்டிருந்தது. வேல்ஸின் ஹோலிஹெட் துறைமுகத்தில் கப்பலேறி அயர்லாந்தில் இறங்குபவர்கள் கைக்கடிகாரத்தை அந்த அளவுக்குப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். அயர்லாந்துக்குள்ளேயும் மேற்குக் கரையின் கால்வேயில் சூரியன் டப்ளினைவிட 11 நிமிடம் பிந்தித்தான் உச்சிக்கு வரும். சட்டம் அதையும் டப்ளினோடு சேர்த்துக் கட்டிவிட்டது.

டப்ளின் நகர நடுவில், லிஃபி ஆற்றங்கரையில் துறைமுக அலுவலகம் ஒன்று இருந்தது. அதன் சுவரில் இருந்த கடிகாரம் டன்சிங்க் நேரம் காட்டியது. கூரைமேல் கிரீனிச்சைப் போலவே ஒரு பந்து. அந்தப் பந்து விழுந்தது கிரீனிச் நேரம் 1 மணிக்கு. கீழே கடிகாரத்தில் அப்போது மணி 12:35-ஐ நெருங்கிக்கொண்டிருக்கும். ஊர்க்காரர்களுக்குக் கடிகாரம், கப்பல்காரர்களுக்குப் பந்து. கடலில் இருப்பவர்கள் தீர்க்கரேகை கணக்கிடக் கிரீனிச் நேரம் தேவைப்பட்டது, அதனால் இந்த ஏற்பாடு.

இந்த இடத்தில் சென்னையை நினைக்காமல் இருக்க முடியாது. ஒரே பேரரசு, அதே சிக்கல். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழும்பிய வான் ஆய்வகத்தின் கணக்குப்படி மதராஸ் நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். பம்பாய் அதற்கு அரை மணி பின்னால், கல்கத்தா அரை மணிக்கு மேல் முன்னால். இரண்டுக்கும் நடுவில் இருந்த மதராஸ் நேரத்தையே இந்திய ரயில்கள் எடுத்துக்கொண்டன. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணிக் கணக்கு வந்த பிறகும் பம்பாயும் கல்கத்தாவும் தங்கள் நேரத்தைப் பல்லாண்டுகள் விடவில்லை. சென்னைக்கும் கோவைக்கும் சூரியக் கணக்கில் 13 நிமிட வித்தியாசம் உண்டு, ஏறக்குறைய லண்டனுக்கும் எக்ஸிடருக்கும் உள்ள அளவு. எக்ஸிடர் பேராலயத்துக்காரர்கள் எதற்காக அவ்வளவு பிடிவாதம் பிடித்தார்கள் என்பது இந்த ஒப்பீட்டைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நண்பகல் மணி அடிக்கும்போது சூரியன் உச்சியில் இல்லை என்றால், அவர்களைப் பொறுத்தவரை அந்த மணி பொய் சொல்கிறது.

1916

டப்ளின் நேரம் போனது 1916-இல். அதற்கு முன் வில்லியம் வில்லெட் என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லண்டனின் தென்கிழக்குப் புறநகரில் வசித்த வீடு கட்டும் தொழிலதிபர். கோடைக்காலத்தில் அதிகாலையில் குதிரையில் போகும்போது, வெயில் நன்றாக ஏறிய பிறகும் வீடுகளில் திரைகள் மூடியே இருப்பதைப் பார்த்தார். அங்கே ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். இவ்வளவு வெளிச்சம் வீணாகிறதே என்று 1907-இல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். ஏப்ரல் மாதத்தின் நான்கு ஞாயிறுகளில் தலா 20 நிமிடம் கடிகாரத்தை முன்னால் நகர்த்தலாம் என்பது அவர் யோசனை. பார்லிமெண்ட் திரும்பத் திரும்ப மறுத்தது. அவர் 1915-இல் இறந்துபோனார். அடுத்த ஆண்டு போர்க்காலத்தில் எரிபொருளை மிச்சப்படுத்த ஜெர்மனி முதலில் கோடை நேரத்துக்கு மாறியது. சில வாரங்களில், 1916 மே 21 அன்று, பிரிட்டனும் அயர்லாந்தும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தன. பெட்ஸ் வுட் என்ற இடத்தில் வில்லெட்டுக்கு ஒரு நினைவுக் கல் வைத்திருக்கிறார்கள். அது கோடை நேரம் காட்டும் நிழல் கடிகாரம்.

அந்த மே மாதம் டப்ளின் எப்படி இருந்தது? ஏப்ரல் 24 அன்று பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக, விடுதலைக் குடியரசை அறிவித்து ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. ஆறு நாளில் அடக்கப்பட்டது. நகரத்தின் நடுப்பகுதி பீரங்கிக் குண்டுகளிலும் தீயிலும் இடிந்து கிடந்தது. மே 3 முதல் 12 வரை தலைவர்களை ஒருவர் பின் ஒருவராகச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலானவர்கள் கில்மெய்ன்ஹாம் சிறைக்குள் சுடப்பட்டவர்கள். அதற்கு ஒன்பது நாள் கழித்துத்தான் கடிகாரம் நகர்த்தப்பட்டது.

கோடை முடிந்து கடிகாரத்தைத் திரும்பப் பின்னால் வைக்க வேண்டிய நாள் 1916 அக்டோபர் 1. எப்படியும் எல்லோரும் முள்ளைத் தொடப்போகிறார்கள், இதுதான் சமயம் என்று லண்டன் பார்லிமெண்ட் ஆகஸ்டில் அயர்லாந்துக்கு ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டனில் அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. அயர்லாந்தில் 35 நிமிடம் மட்டுமே பின்னால் போனது. மிச்சம் 25 நிமிடம் திரும்பி வரவே இல்லை. அன்றைக்கு மறைந்தது டப்ளின் நேரம்.

தந்திக்கும் வணிகத்துக்கும் கப்பலுக்கும் இது வசதி என்பது ஆதரவாளர்கள் சொன்ன காரணம். காரணத்தில் தவறில்லை. ஆனால் ஒரு தலைமுறைக்கே ஆறாத காயம் பட்ட அதே ஆண்டில், ஊர் மனிதனின் நண்பகலையும் லண்டன் எடுத்துக்கொண்டது என்று பலர் எண்ணினார்கள். விவசாயிகளுக்கு வேறு வருத்தம். பால் கறப்பதும் அறுவடையும் சூரியனைப் பார்த்து நடக்கிற வேலைகள். காலை இருட்டும் பனியும் கடிகாரத்தைப் பார்த்து விலகுவதில்லை. கிராமப்புறங்களில் "பழைய நேரம்", "புதிய நேரம்" என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் பின்னும் நீண்ட காலம் இருந்தது.

1922-இல் அயர்லாந்தின் பெரும்பகுதி சுதந்திர அரசானது. டப்ளின் நேரத்தை மீட்டெடுத்திருக்கலாம். செய்யவில்லை. வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு தங்கிவிட்டன. தீவின் குறுக்கே சுமார் 500 கிலோமீட்டர் நீள எல்லைக்கோடு விழுந்தது. சொந்த நேரத்தைக் கொண்டுவந்தால் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு நேரம் ஓடும். வயல் ஒரு பக்கமும் தேவாலயம் மறுபக்கமும் உள்ளவர்களுக்கு அது பெரும் தொல்லை. ஏற்கனவே பிரிந்துபோன தீவை நேரத்தாலும் பிரிக்க யாரும் விரும்பவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அதற்குப் பிறகும் அயர்லாந்தின் நேரச் சட்டத்தில் ஒரு தனித்தன்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1968-இல் பிரிட்டன் ஒரு சோதனை செய்தது. குளிர்காலத்திலும் கடிகாரத்தைப் பின்னால் தள்ளாமல், ஆண்டு முழுவதும் கிரீனிச்சுக்கு ஒரு மணி முன்னால் இருப்பது என்று. வட ஸ்காட்லாந்தில் டிசம்பரில் காலை பத்து மணியை ஒட்டித்தான் விடிந்தது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போனார்கள். எதிர்ப்பு பெருகி, 1970 டிசம்பரில் பார்லிமெண்ட் 366-க்கு 81 என்ற வாக்கில் சோதனையைக் கைவிட்டது. 1971-இல் பழைய முறை திரும்பியது.

அயர்லாந்தும் 1968-இல் அதே மாற்றத்தைச் செய்திருந்தது, ஆனால் நிரந்தரச் சட்டமாக. தன் நாட்டின் நிலையான நேரம் கிரீனிச்சுக்கு ஒரு மணி முன்னால் என்றே அது எழுதிக்கொண்டது. 1971-இல் பிரிட்டன் பின்வாங்கியதும் எல்லையில் குழப்பம் வராமல் இருக்க அயர்லாந்தும் மாறியாக வேண்டும். அந்தச் சட்டத்தை நீக்கவில்லை. குளிர்காலத்தில் மட்டும் நேரத்தை ஒரு மணி குறைத்துக்கொள்வோம் என்று ஒரு திருத்தம் சேர்த்தார்கள். அதனால் மற்ற நாடுகளில் குளிர்கால நேரம் நிலையானது, கோடை நேரம் தற்காலிகமானது. அயர்லாந்தில் சட்டப்படி கோடை நேரமே நிலையானது, குளிர்கால நேரம்தான் விதிவிலக்கு. கடிகாரத்தைப் பார்த்தால் லண்டனுக்கும் டப்ளினுக்கும் ஒரு விநாடிகூட வித்தியாசம் இல்லை. சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் தலைகீழ். 2018-இல் உலகக் கணினிகள் எல்லாம் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தொகுப்பு, அயர்லாந்துக்கு இந்தச் சட்டத்தை உள்ளபடியே பதிவு செய்தபோது, அதை எதிர்பார்க்காத சில மென்பொருள்கள் தடுமாறின. மென்பொருள் துறையில் இருக்கும் வாசகர்கள் சிலர் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள்.

2019 மார்ச்சில், ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றும் வழக்கத்தையே கைவிடலாம் என்று ஐரோப்பிய பார்லிமெண்ட் வாக்களித்தது. அயர்லாந்து அரசு எதிர்த்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிக்கொண்டிருந்தது. ஒன்றியம் ஒரு வழியிலும் பிரிட்டன் ஒரு வழியிலும் போனால், ஒரே தீவில் மறுபடி இரண்டு நேரம். 1922-இல் எந்தக் காரணத்துக்காக டப்ளின் தன் நேரத்தை மீட்டெடுக்கவில்லையோ, நூறு ஆண்டு நெருங்கும்போதும் அதே காரணத்தைத்தான் அயர்லாந்து முன்வைத்தது.

சூரியன் மட்டும் எந்தச் சட்டத்துக்கும் நகரவில்லை. ஜூன் மாதத்தில் கால்வே கடற்கரையில் நின்றால் இரவு பத்து மணி தாண்டியும் சூரியன் அடிவானத்துக்குமேல் நின்றுகொண்டிருக்கும். டப்ளினில் ஒரு திறந்த முற்றத்தில் குச்சி நட்டு, குளிர்கால நேரத்தில் அதன் நிழல் எப்போது மிகவும் குறுகுகிறது என்று நாள்தோறும் குறித்து, ஆண்டு முழுமைக்கும் சராசரி எடுத்தால், கிடைக்கும் நேரம் 12 மணி 25 நிமிடம் சொச்சம்.